ஒரு லேபிளை வைத்து வாங்கிய கம்ப்யூட்டர்

மாலை 3.40 மணிக்கு என் புதுக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. ஆறு மணிக்குள் பட்டாசு லேபிள் ஷீட், அச்சுக்கான பிளேட் போடப் போயாக வேண்டும். தவறினால் அச்சு மெஷினில் வேறு கம்பெனி வேலை ஏறிவிடும். சீசன் ஆர்டர் எங்கள் கையை விட்டுப் போகும்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தவன் நான். சிவகாசி அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டாக டிசைன் செய்கிறவன் என்ற திமிர். விருதுநகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் என் மகள் சங்கரி, "முப்பத்திரண்டு ஜி.பி. மெமரி போடுங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். நான் கடையில் ஒரு லேபிளைத் திறந்து பார்த்தேன். பட்டென்று திறந்தது. எட்டு ஜி.பி. போதும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் வேலையோ ஒரு லேபிளோடு முடிவதில்லை. முப்பத்தாறு லேபிள்களை ஒரே ஷீட்டில் அடுக்குவோம். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் கடைசி நிமிடத்தில் நிறம் மாற்றச் சொல்வார்கள் என்பதால் படத்தின் அடுக்குகளான லேயர்களை ஒன்றாக்காமல் வைத்திருப்போம். அத்தனையையும் மெமரி ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். கடையில் எனக்கு இது தோன்றவே இல்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "என்ன மாரியப்பன், பழைய பெட்டி படுத்தாலும் எந்திரிச்சுரும். இது எந்திரிக்கவே மாட்டேங்குதே?"

மகளை அழைத்தேன். "மெமரியோட வாரேன்பா" என்றாள். சற்று நேரத்தில் மழை பிடித்தது. அவள் வருவதோ ஸ்கூட்டரில்; சாலை முழுக்க லோடு லாரிகள். நாலரைக்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. ஒன்பது முறை அடித்தேன். ஷீட்டை மறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5.20-க்கு நனைந்து வந்தாள். மெமரியை மட்டும் டிபன் டப்பாவுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தாள். இரண்டு பச்சைத் துண்டுகள். ஒரு சாண் நீளம்கூட இல்லை. மாட்டினாள். ஷீட் திறந்தது. மயில், தாமரை, ரயில் என முப்பத்தாறும் ஒருசேர நின்றன. பெரிதாக்கினேன், ஒவ்வொரு தீப்பொறியும் தனித்தனியாகத் தெரிந்தது. என் சர்வீஸில் முழு ஷீட்டை அப்படிப் பார்த்ததில்லை.

முதலாளி குனிந்து பார்த்தார். "அம்புட்டும் இந்தத் துண்டுக்குள்ளயா நிக்குது?"

5.50-க்கு ஷீட் போய்விட்டது. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் ஆகப் பெரிய வேலையைக் கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள்.

மகளிடம் ஒரு துவாலையை நீட்டினேன். "போனை எடுத்திருக்கலாமேம்மா" என்றேன்.

சங்கரி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "வண்டி ஓட்டுறப்ப எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீக. நீங்க சொன்னத நான் கேட்டேன்."