நாடாவின் கண்

தறியில் இங்குமங்கும் ஓடி ஊடை நூலைப் போடும் மரக்கட்டைதான் நாடா. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கண் உண்டு. உள்ளே இருக்கும் நூல் சுற்றிய தாரை மாற்றும்போதெல்லாம் நூலை அந்தக் கண் வழியே வெளியே எடுக்க வேண்டும். விரல் நுழையாது. வாயை வைத்து உறிஞ்சினால் நூல் வந்துவிடும். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த தறிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான். பகலில் நான் உறிஞ்சிய நாடாவை அடுத்த ஷிப்டில் என் மாற்றாள் உறிஞ்சுவார்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்து, காசம் என்றார்கள். மகளுக்கு அப்போது ஏழு மாதம். மறுநாளே மாமனார் பனவடலிசத்திரத்திலிருந்து வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மனசுல வச்சுக்கிடாதீய மாப்ளே. நல்லான பொறவு வந்து கூட்டிக்கிடுங்க."

மனைவியையும் குழந்தையையும் கூட்டிப்போனார். எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

தினமும் ஊசி. கூடவே மாத்திரை. ஊசி போட்டுவந்து நானே கஞ்சி காய்ச்சுவேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவ அதிகம் இல்லை. தொட்டில் கட்டிய கயிறு மட்டும் உத்தரத்தில் தொங்கியது. அவிழ்க்கவில்லை.

மூன்றாம் மாதம் காய்ச்சல் விட்டது. சோறு இறங்கியது. தறிக்குத் திரும்பினேன். ஒன்றரை வருஷம் மாத்திரை போடச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லாதவனுக்கு எதற்கு மாத்திரை என்று நினைத்தேன். அந்த நேரம் மாற்றாள் இருமிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும், மகளுக்கு மாப்பிள்ளை அமையாது என்று அவருக்குப் பயம். என்னிடம் இருந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

"எனக்குச் சரியாப் போச்சு. மிச்சத்த நீரு போடும்வே."

"இம்புட்டு நாளு எச்சி நாடாவத் தந்தீரு. இப்ப எச்சி மாத்திரையா?" என்று சிரித்தார். வாங்கி வேட்டியில் முடிந்துகொண்டார்.

ஆடித்தபசு முடிந்ததும் மனைவியைக் கூட்டிவரப் போவதாக மாமனாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்பே ஒரு நாள் நாடாவில் வாய் வைத்து எடுத்தேன். நூலில் ரத்தம்.

டாக்டர் ரொம்பத் திட்டவில்லை.

"உங்க உடம்பு அந்தக் கிருமியச் சுத்திச் சுவர் வச்சு அடைக்கப் பாக்கும். அடைக்கத்தான் முடியும். உள்ள இருக்கிறத மருந்துதான் கொஞ்சங் கொஞ்சமாக் கொல்லணும். பாதியில விட்டா, தப்பிச்சது அந்த மருந்துக்கே பழகிரும்" என்றார். "மிச்ச மாத்திரை எங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க."

போய்க் கூப்பிட்டேன்.

"இருமல் நின்னுட்டுல்லா? இனி எதுக்குவே ஆஸ்பத்திரி?" என்றார் மாற்றாள். நான் சொன்ன அதே பேச்சு. இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் வெளியே வரவில்லை.

எனக்கு மறுபடியும் ஊசி. வேறு மாத்திரை. அது வயிற்றைப் புரட்டும். வாந்தி வந்தாலும் நிறுத்தவில்லை. தறியில் நூலெடுக்க ஒரு கம்பிக் கொக்கி செய்துகொண்டேன். நேரம் பிடித்தது. மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவர்கள் வாயால்தான் எடுத்தார்கள்.

மறு வருஷம் கார்த்திகையில் மாற்றாள் இறந்துபோனார். அவர் வீட்டு வாசல்வரை போனேன். அவர் மகள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போகவில்லை.

மகளுக்கு மூன்று வயது ஆகும்போதுதான் என் சளியில் ஒன்றும் இல்லை என்று சீட்டு கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரம் போனேன். மாமனார் வாங்கிப் படித்தார். மனைவி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகள் அவள் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இது?" என்று கேட்டாள்.

பஸ்ஸில் மகள் என் மடியிலேயே தூங்கிப்போனாள். சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. இருந்தும் ஊர் வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தேன்.