லிஃப்டில் ஏறி, படியில் இறங்கி

என் தங்கை லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் அந்த வேலை பார்க்கும் ஒரே பெண் அவள்தான் என்று நான் சொன்னால், "நீ போய் எண்ணிப் பாத்தியாக்கா?" என்று கேட்பாள். எண்ணவில்லைதான். ஆனால் வேறு ஒருத்தியை நான் பார்த்ததும் இல்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்துத்தான் வெளியே எடுப்பாள்.

அப்படிப்பட்டவள் போன வருடம் ஒரு அருவியைப் பார்க்கப் போய், பார்க்காமலே திரும்பி வந்தாள். அதை அவளால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அந்த அருவிக்குச் சாலை கிடையாது. காட்டு வழியாக மலையுச்சிக்கு ஏறி, அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் மறுபக்கம் செங்குத்தாக இறங்க வேண்டும். பள்ளத்தின் அடியில்தான் அருவி. உச்சி வரை கூட வந்தவர்களில் இவள்தான் முன்னால் போனாளாம். இறக்கத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. தண்ணீர் விழும் சத்தம் காதில் கேட்கிறது, கால் கீழே போக மறுக்கிறது. கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் கட்டுப்போட்டுத் திருப்பி அழைத்து வந்தாள்.

இந்த வருடமும் அந்தப் பெண் ஆள் சேர்க்கிறாள் என்று தெரிந்ததும் தங்கை போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, உங்களைச் சேத்துக்கணும்னா முதல்ல நான் உங்க காலைப் பாக்கணும்" என்றாள் வழிகாட்டி. "மாசக் கடைசியில முழுப் பையோட கல்குவாரிக்கு வாங்க. இறங்கிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

"காட்டறேன்" என்று சொல்லிப் போனை வைத்தவள் நேராகப் பரணில் இருந்த பையை இறக்கினாள்.

நான் தையல்காரி. பையின் பழைய பட்டை அவள் தோளை அறுத்திருந்தது. அதைப் பிரித்தெடுத்துவிட்டு, அகலமான பட்டையில் பஞ்சு வைத்து, ஓரம் தோலில் படாதபடி உள்பக்கம் மடித்து இரட்டைத் தையல் போட்டேன். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டும் என்பதால் ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கினாள். காலில் அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க முழங்கால் வரை கெட்டித்துணி உறை தைத்துக் கொடுத்தேன். எதை எடுத்துப்போவது என்பதில்தான் தினமும் சண்டை.

"ரெண்டு ஸ்வெட்டர் எதுக்குக்கா? நான் என்ன அங்க குடித்தனம் பண்ணவா போறேன்?"

"ஒண்ணு நனைஞ்சா?"

"பிழிஞ்சு போட்டுப்பேன்."

காலைப் பலப்படுத்த அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலைக்குப் போகும் கட்டடங்களில் இரும்புச் சாமான்களைப் பையில் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, மேல்மாடி வரை படியேறினாள். வேலை முடிந்ததும் லிஃப்டைச் சோதிக்க அதிலேயே இறங்கி வருவாள். இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஏறியதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு பெரிய குடியிருப்பின் செக்ரட்டரி அவளுடைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டுவிட்டார்.

"ரிப்பேர் பாக்குற பொண்ணே அதுல கால் வைக்க மாட்டேங்குது சார். எப்ப அறுந்து விழும்னு அதுக்குத்தானே தெரியும்?"

அங்கே பாதிப்பேர் லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டார்களாம். ஒருவர் காய்கறிப் பையைக் கயிறு கட்டி பால்கனிக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

சூப்பர்வைசர் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "உனக்கு மலை ஏறணும்னா மலைக்குப் போம்மா! இனிமே மேல போறதுன்னா லிஃப்ட்லதான் போகணும். ஜனங்க கண் முன்னாடி."

வீட்டுக்கு வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசரை நான் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அவள் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை.

"அக்கா, போன வருஷம் எனக்குக் கால் எங்க போச்சு?"

"இறங்கும்போது."

"இத்தனை நாளா நான் என்ன பண்றேன்? மூட்டையோட ஏறிட்டு, இறங்கும்போது சொகுசா லிஃப்ட்ல வரேன். என்னைவிட மக்கு யாராவது உண்டா?"

மறுநாளிலிருந்து மாற்றிவிட்டாள். கீழ்த்தளத்தில் நின்று, "வாங்க சார், சேர்ந்தே போவோம்" என்று ஆட்களைக் கூப்பிட்டு லிஃப்டில் ஏறினாள். மேலே வேலையை முடித்துவிட்டுப் பையோடு படியில் இறங்கினாள். சில நாள் வீட்டில் சுவரைப் பிடிக்காமல் உட்கார முடியவில்லை. முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே தூங்கினாள். விடவில்லை. குதிகாலை இடிக்காமல் பாதத்தை மெல்ல ஊன்றவும், கால் கனக்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்கவும் பழகினாள்.

ஒருநாள் படியில் செக்ரட்டரியே எதிரில் வந்துவிட்டார். "என்னம்மா, இறங்கறதுக்கு லிஃப்ட் ஆகாதா?"

"மேல போற லிஃப்ட்தான் சார் என் உடம்புக்கு ஒத்துக்குது."

மாதக் கடைசியில் கல்குவாரிக்கு நானும் கூடப் போனேன். சரிவு முழுக்க உருளும் கற்கள். எங்கள் இருவரையும்விட வயதில் சிறிய அந்த வழிகாட்டி கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்றாள். தங்கை அவசரப்படாமல் இறங்கி வந்தாள். "இன்னொரு தடவை" என்றாள் வழிகாட்டி. வந்தாள். "இன்னும் ஒரு தடவை." மூன்றாவது முறை ஒரு கல் காலடியில் நழுவியது. அவள் பக்கவாட்டில் திரும்பி, ஊன்றி நின்று, மீண்டும் இறங்கினாள்.

வழிகாட்டி குனிந்து முழங்காலை அழுத்திப் பார்த்தாள். "சரிக்கா. நீங்க வரீங்க. வரிசையில கடைசி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, மூணு தடவை இறங்கிக் காட்டியும் கடைசியா? என் தங்கச்சி யாருக்குச் சளைச்சவ?"

"அக்கா, நீ சும்மா இரு" என்றாள் தங்கை.

வழிகாட்டி சிரித்தாள். "பெரியக்கா, முன்னாடி போறவ நான். பின்னாடி யாரு உக்காந்துட்டாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? போன வருஷம் இவங்களுக்கு நான் கட்டுப்போட்ட நேரத்துல மத்தவங்களப் பாத்துக்க ஆளில்ல. கடைசியில வர்ற ஆளு யாரையும் விட்டுட்டு வரக்கூடாது. அதுக்குத்தான் இவங்க."

தங்கை பையைக் கழற்றாமலே கேட்டாள்: "அப்போ மருந்துப் பெட்டி யார்கிட்ட?"

"உங்ககிட்ட."

"கயிறு?"

"அதுவும்தான். கனம் தாங்குமா?"

"தாங்கும். முதல்ல யாரு உக்காருவாங்கன்னு சொல்லு."

"பேங்க்ல வேலை பாக்குற சார் ஒருத்தர் வராரு. ஏத்தத்துல ஊர்க்கதை பேசிக்கிட்டே வருவாரு. பாதியில மூச்சு வாங்கிடும்."

"அவரை எனக்கு முன்னாடி போடு" என்றாள் என் தங்கை.