குரல் போன வருஷத்து நாடகம்

காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குக் கலைந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பிலோமினா டீச்சரின் தங்கை கணவர் பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். தலைமையாசிரியை அறைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார். "விடியக்காலம் போயிட்டாங்கம்மா. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு வீட்ல சொன்னாங்க" என்றார். நான் தலையசைத்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போய் செய்யுளைப் பாதி படித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

அவரிடம் படித்தவர்கள் இந்தத் திருச்சியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பீர்கள். உங்களுக்கு அவர் இங்கிலீஷ் டீச்சர், நாடக டீச்சர். எனக்கு ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி. நான் தமிழாசிரியை. அவர் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிள்ளைகளைப் போலவே 'தமிழம்மா' என்பார். எத்தனையோ வருஷம் பழகியும் இப்போது எனக்கு ஒரு வருஷம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அறுபதுகளின் தொடக்கம் அது.

நம் பெண்கள் ஆங்கிலத்தை எழுதச் சொன்னால் எழுதுவார்கள், பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பார்கள். அதை மாற்ற, பாடப் புத்தகத்துக்கு வெளியே மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று டீச்சர் தலைமையாசிரியையிடம் கேட்டார். விவாதம், சுவர்ப் பத்திரிகை, ஓர் உல்லாசப் பயணம், ஆண்டு விழாவில் ஆங்கில நாடகம். "ஒரு வருஷம் செஞ்சு பாருங்க. பரீட்சையில மார்க் இறங்குச்சுன்னா அதோட நிறுத்திடணும்" என்றார் அந்த அம்மாள். டீச்சர் என்னிடம் ஓடிவந்தார். "ஒரு வருஷம் கிடைச்சிருச்சு தமிழம்மா! ஒரு வருஷம்னா எவ்வளவு பெரிசு!"

ஆடி மாதம் முக்கொம்புக்குப் போனோம். அன்று முழுக்க ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி. விளைவு, பஸ்ஸில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு குரங்கு இறங்கிவந்து ஒரு பெண்ணின் பொட்டலத்தைப் பிடுங்கியது. "டீச்சர்! மங்கி டேக்கிங் மை புளியோதரை!" என்று அவள் அலறினாள். எல்லோரும் சிரித்தோம். டீச்சர் மட்டும் கைதட்டினார். விதியை அவரே மறந்து, "வாய் முதல்ல திறக்கட்டும், இலக்கணம் பின்னாலேயே ஓடி வந்துடும்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் காது கொடுக்க முடியாத இங்கிலீஷ். அதற்கு மேல் கத்தித்தான் அவர் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தோம். அது பிறகு தெளியவே இல்லை.

நாடகத்தை அவரே எழுதினார். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த இரவில், ஒரு தாய் தன் பிள்ளைகளைக் கூரைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருக்கும் கதை. தாயாக நடிக்க ஸ்ரீரங்கத்து ரங்கநாயகியைத் தேர்ந்தெடுத்தார். அவளுடைய அப்பா கோயில் கோஷ்டியில் நின்று உரக்கப் பாசுரம் சேவிப்பவர். அவர் சம்மதிக்கவில்லை. நாங்கள் இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

"எங்காத்துப் பொண்ணு மேடையேறி வேஷம் கட்டறதாவது? க்ஷமிக்கணும்" என்றார் அவர்.

"ஒரு தாய் வேஷந்தாங்க. இந்த மேடையில நின்னு பேசிட்டான்னா, அப்புறம் எந்தச் சபையிலயும் தலைகுனிய மாட்டா" என்றார் டீச்சர்.

அவர் டீச்சரையே உற்றுப் பார்த்தார். "இந்தக் குரல் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"வாத்தியார் தொண்டைங்க. கத்திக் கத்தி..."

"இல்லேம்மா. நாங்க தொண்டையாலேயே பகவானுக்குக் கைங்கர்யம் பண்றவா. களைச்ச தொண்டை ஓய்வு குடுத்தா தெளிஞ்சுடும். இது அப்படியில்லே. பெரிய டாக்டர்ட்ட காட்டுங்கோ. காட்டறேன்னு வாக்குக் குடுத்தேள்னா பொண்ணை அனுப்பறேன்."

டீச்சர் வாக்குக் கொடுத்தார். ஒரு நாடகத்துக்காகத்தான் டாக்டரிடமே போனார்.

தொண்டையில் புற்று என்றார்கள். மெட்ராசில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கலாம், குரல் திரும்பாது. "நாடகம் முடிஞ்சு போறேனே" என்றார். நான் அவரிடம் சண்டை போட்டது அன்று ஒருநாள்தான். "பிள்ளைங்களுக்கு நீங்க வேணும் டீச்சர். குரல் இல்லாட்டியும் நீங்க வேணும்" என்று அழுதேன். கார்த்திகையில் புறப்பட்டார். ஜங்ஷனில் ரயில் நகரும்வரை, அவர் ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கே, குடை கொண்டாந்தீங்களா தமிழம்மா?" அவர் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான். குடை இல்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மாசியில் திரும்பி வந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கையில் ஒரு சிலேட்டு. ஒத்திகையில் அவர் எழுதுவார், நான் உரக்கப் படிப்பேன். என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். டீச்சர் பெஞ்சின்மேல் ஏறி நின்று, பெருகிவரும் தண்ணீரைத் தாய் எப்படிப் பார்ப்பாள் என்று கண்ணாலேயே காட்டினார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆண்டு விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. நாடகம் முடியும் தறுவாயில், கிழக்கு வெளுப்பதைத் தாய் சொல்லவேண்டிய இடத்தில் ரங்கநாயகிக்கு வசனம் மறந்துபோயிற்று. பழக்கத்தில் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த டீச்சர், எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்து அந்த வசனத்தை நான் கத்தினேன். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ரங்கநாயகி சிரிக்கவில்லை. வசனத்தைப் பிடித்துக்கொண்டாள், கடைசிவரை தடுமாறாமல் சொல்லி முடித்தாள். ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் அவள் அப்பா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

திரை விழுந்ததும் டீச்சர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'உச்சரிப்பு தப்பு. சத்தம் சரி.' நான் சிரித்தேன். அதை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: 'மறந்துபோய் வாயைத் திறந்துட்டேன்.' அப்புறம் அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். தோள்கள் குலுங்கின, ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் வந்துவிடாதபடி நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பரீட்சையில் மார்க் இறங்கவில்லை. நிகழ்ச்சிகள் தொடர்ந்தன, வேறொரு டீச்சர் நடத்தினார். இவர் நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். நோய் திரும்பி வரும்வரை கிடைத்த வருஷங்கள் அவருக்கு அமைதியாகவே கழிந்தன என்று நம்புகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்று உண்டு. சிலேட்டில் அவர் பாதி எழுதும்போதே நான் மீதியை ஊகித்துப் பதில் சொல்லிவிடுவேன். அவருக்கு அது பிடிக்காது. உள்ளங்கையைக் காட்டித் தடுப்பார். வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்ப்பார். அடுத்தவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்க அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அடக்கத்துக்கு மறுநாள் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, வார்த்தை வராமல் விழித்தாள். பின்னாலிருந்து ஒருத்தி எடுத்துக்கொடுக்கப் போனாள். நான் அவளைக் கையமர்த்தினேன். வகுப்பு முழுவதும் காத்திருந்தோம். கொஞ்சம் பொறுத்து, அவளே சொன்னாள்.