புறா இறங்கும் நேரம்

புறா எழும்பும்போது சிறகை எப்படி அடிக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே அடிக்கையில் சிறகு முழுதாக விரியும். மேலே தூக்கையில் முதலில் மடங்கும். செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வோர் அடியாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். இறங்குவதுதான் பிடிபடவில்லை. கூரையைத் தொடுமுன் ஒரு தடவை ஏழு சிறகடி வரும், மறு தடவை ஒன்பது. நாள் முழுக்க அதே நினைப்பு.

எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மாதா கோயில். அதன் கூரையில் புறாக்கள். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் சரக்கில் ஒன்றிரண்டை வெடித்துப் பார்ப்பார்கள். புறாக்கள் மொத்தமாக எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்ப உட்காரும். அதற்காக வாசலில் காத்திருப்பேன்.

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவிக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த அடுத்த வீட்டுப் பெண் சாயங்காலம் வந்து, அந்தக் கையைத் தாங்கித் தூக்கிப் பயிற்சி கொடுப்பாள். நான் பக்கத்தில் நின்று, புறாவின் சிறகடியை எண்ணுவதுபோல எண்ணுவேன்; மனைவிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"சும்மா இருங்க சார். அக்கா சிரிச்சா கை நிக்க மாட்டேங்குது."

"முழங்கையை மடக்கித் தூக்கணும்மா. புறா அப்படித்தான் தூக்குது."

"அப்ப நாளைக்கு அக்கா கோயில் கூரையில உக்காந்துருப்பாக. ஏணி எடுத்து வைங்க."

போன மாதம் ஒரு மதியம் சத்தம் கேட்டது. புறாக்கள் எழும்பின. போனை உயர்த்தினேன். இரண்டு சுற்று, மூன்று, நான்கு. இறங்கவில்லை. உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

"என்னங்க, இது வெடிச்சுப் பாக்குற சத்தமில்ல! அவ எங்கன இருக்கான்னு போய்ப் பாருங்க!"

அப்போதுதான் புகையைப் பார்த்தேன்.

அந்தப் பெண் வேலை பார்த்த அறை இருந்த இடத்தில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. மறுநாள் அவளை மூடித்தான் கொண்டுவந்தார்கள். முகம் காட்டவில்லை.

அன்று எடுத்த படத்தை நான் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. புறாக்கள் கூரைக்குத் திரும்பிவிட்டன. கம்பெனி பூட்டிக் கிடப்பதால் அவற்றை எழுப்ப ஒரு சத்தமும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கின்றன.

நேற்றுச் சாயங்காலம் மனைவி தானே முழங்கையை மடக்கிக் கையைத் தூக்கினாள். தோள் உயரம் வந்ததும் கை நின்று நடுங்கியது. அந்தப் பெண் தன் உள்ளங்கையைக் கொடுக்கும் இடம் அது. நான் போய் என் கையைக் கொடுத்தேன்.

"எண்ணாதீக" என்றாள்.