ராத்தா மூடாமல் வைத்த கோப்பு

ராத்தாவின் கணினிக்கு ஓர் உறை இருந்தது. பழைய யன்னல் சீலையை வெட்டி அவரே தைத்த நீல உறை. வேலை முடிந்ததும் திரையின் பொத்தானை மட்டும் அமத்துவார், உறையை இழுத்து மூடுவார், கைப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். மேசைக்கடியில் கணினிப் பெட்டி விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும். வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகளுக்குத் தண்ணீர் முறை எழுதுகிற விவசாயிகள் சங்கம் ஒன்றின் அலுவலகம் அது. ஓட்டமாவடிப் பக்கம். ராத்தா அங்கே எழுதுவினைஞர். வயதில் மூத்தவர், அதனால் எல்லோருக்குமே அவர் ராத்தாதான், அக்காதான். நான் வாழைச்சேனையிலிருந்து போய் அவர்களுடைய மூன்று கணினிகளையும் பார்த்துக்கொள்பவன். "வெளிச்சத்த நூத்திட்டனே தம்பி, இன்னும் என்னத்த நூக்கிற?" என்று கேட்பார். நூக்கிறது என்றால் அணைப்பது. அலுவலகமே சிரிக்கும். நான் எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடவே சிரிப்பேன்.

ஒரு வியாழக்கிழமை செயலாளர் கூப்பிட்டார். யாரோ செருகிய பென்டிரைவில் வைரஸ் இருந்திருக்கிறது, எல்லோருடைய கோப்புகளும் இருக்கிற பிரதான கணினியில் பாதி திறக்கவில்லை. தண்ணீர்ப் பட்டியல் திறக்கிறதுதான், ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற விடவில்லை என்று குறைப்பட்டார். மறுநாள் போனேன். என்னிடம் திங்கட்கிழமை எடுத்த நகல் இருந்தது. அதற்குப் பிறகு செய்த வேலை எல்லாம் போய்விடுமே என்றேன். "திங்கக்கிழமக் கொப்பி காணும் தம்பி, காணும்" என்றார். காணும் என்றால் போதும். அந்த இரண்டாவது 'காணும்' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். ராத்தா சோறாக்க வீட்டுக்குப் போயிருந்தார். ஆளில்லாத அலுவலகத்தில் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வர மறுத்தது, அந்தத் தண்ணீர்ப் பட்டியல். 'இந்தக் கோப்பு வேறொருவரின் பாவனையில் உள்ளது' என்று திரை சொன்னது. யாருடைய பாவனையில்? யார் திறந்திருக்க முடியும்? அறையில் நானும் ஒரு மின்விசிறியும்தான் இருந்தோம். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். நகலெடுக்கும் மென்பொருளை மூடித் திறந்தேன். அனுமதிகளைச் சரிபார்த்தேன். செயலாளரின் கணினியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான், எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்கத் தோன்றியது. அதில் ராத்தாவின் கணினி இருந்தது, புதன்கிழமையிலிருந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறையைக் கழற்றித் திரையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், குனிந்து பெட்டியின் பொத்தானை அது அடங்கும்வரை அழுத்திப் பிடித்தேன். பட்டியல் உடனே வந்து உட்கார்ந்தது. நூற்றுக்கு நூறு.

பள்ளிவாசலிலிருந்து வந்த செயலாளர் முதல் வேலையாகப் பட்டியலை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, மதகு திறப்பவரிடம் கொடுத்தனுப்பினார். ராத்தா வந்து உறையை எடுத்தார். "ஆரு நூத்த?"

"நான்தான் ராத்தா. இப்பிடி விட்டுட்டுப் போகாதீங்க. கோப்பு பூட்டிக்கொள்ளும்."

கையிலிருந்த உறையை நாலாக மடித்தார். "ஓம் தம்பி. பூட்டிக்கொள்ளும்தான்" என்றார்.

பிறகு செயலாளரின் அறைக்குள் ராத்தாவின் குரல் உயர்ந்ததை முதல் தடவையாகக் கேட்டேன். கடைசி வாய்க்கால் வயல்களில் பயிர் குடலையில் நிற்கிறது, கதிர் வெளிவரப் போகும் நேரம், இந்த முறை அவர்களுக்குத்தான் முதலில் தண்ணீர் என்று புதன்கிழமைக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. திங்கட்கிழமைப் பட்டியலில் மேல் வயல்கள்தான் முதலில் இருந்தன. செயலாளரின் வயலும் மேலேதான். "கம்பியூட்டர்ல இரிக்கிறதுதான் பட்டியல்" என்றார் அவர். புதன்கிழமை முடிவு அந்தக் கோப்பைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அச்சுப்பொறி செயலாளரின் அறையில் இருந்ததால் ராத்தா அச்செடுத்தும் வைத்திருக்கவில்லை. மாலைவரை தேடினேன். திங்கட்கிழமை நகல் மேலே விழுந்து அழித்த புதன்கிழமைக் கோப்பு திரும்பவில்லை. நான் செய்த ஒவ்வொன்றும் முறைப்படி சரி. அப்படியானால் இது எங்கே பிழைத்தது? அந்தக் குழப்பத்தோடுதான் அன்று வீடு போனேன்.

அறுவடைக் காலத்தில் ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது கடைசி வாய்க்கால்காரர் ஒருவர் வந்தார். பிடுங்கிய கதிர் ஒன்றை ராத்தாவின் மேசையில் வைத்தார். மணி பிடித்த கதிர் வளைந்திருக்கும். இது நிமிர்ந்து நின்றது. இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார், உமி மட்டும் உதிர்ந்தது.

"அஞ்சு ஏக்கரும் இப்பிடித்தான். பட்டியல ஒருத்தரும் மாத்த ஏலாது, தொறந்து வெச்சிக் காவல் பாக்கன் எண்டீங்களே ராத்தா."

ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றவர் மாற்ற முடியாது என்பது அந்த அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். எத்தனை பருவமாக இப்படிக் காவல் இருந்தார், எத்தனை நாள் எங்கள் சிரிப்பைத் தாங்கிக்கொண்டார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

"வெள்ளிக்கிழம நான் சோறாக்கப் போகாம இரிந்திரிக்கணும்" என்றார் ராத்தா.

பொறுக்க முடியாமல், அந்தக் கணினியை நிப்பாட்டியது நான்தான் என்று சொல்ல எழும்பினேன். அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். ராத்தா முந்திக்கொண்டார்.

"அவர உடுங்க. தம்பிக்கு இதொண்டும் தெரியா."