ஒன்பது கண்ணாடிச் சில்லுகள்

அந்த ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு, மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில், என் இலக்கியப் பாடப் புத்தகங்களின் மேல் அண்ணாவின் மரப்பெட்டியும் ஏறியது. உள்ளே ஒன்பது சதுரக் கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றின் முகத்திலும் மெல்லிய கரிப் படலம். அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அண்ணா இரண்டு வருடம் உழைத்துச் செய்தவை.

கரித் தண்டுகளுக்கிடையே மின்பொறி எரித்தால் கிடைக்கும் தூளில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கும். அதைத் திரவத்தில் கலக்கிப் பீங்கான் வடிகட்டியில் வடித்தால் படலம் தங்கும்; அதைக் கண்ணாடியில் ஒற்றி எடுக்கலாம். அந்தப் படலத்தை ஒரே திசையில் தேய்த்தால் குழாய்கள் எல்லாம் அந்தத் திசையிலேயே படிந்துவிடும், அந்த வழியில் மின்சாரம் எளிதாக ஓடும், குறுக்கே திணறும் என்பதுதான் அண்ணா நிரூபிக்க வேண்டியது. தேய்த்த திசை கண்ணுக்குப் புலப்படாது. சில்லின் முதுகில் ஒட்டிய காகிதத்தில், எண்ணுக்குப் பக்கத்தில் அவன் போட்ட அம்புக்குறி மட்டுமே சாட்சி. இன்னும் ஒரே ஒரு படலத்துக்குத்தான் தூள் மிச்சமிருந்தது. ஆய்வேட்டின் கடைசி இயல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"எல்லாம் ஒரே கறுப்பு. இதுல எதுக்குடா ஒன்பது?" என்றாள் அம்மா.

"நவராத்திரிக் கணக்கும்மா."

"கேலி போறும். பொட்டு வெச்சுடட்டுமா?"

"பின்பக்கம் வெச்சுக்கோ. கறுப்புல கை படப்படாது."

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது சந்தனத்தின் ஈரத்தில் மை கலங்கியிருந்தது. அண்ணா வெளியே போயிருந்தான். காகிதங்களை நனைத்து உரித்தேன். எண்கள் மாறிவிடாதபடி சில்லுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, எண்ணையும் அம்பையும் புதுக் காகிதத்தில் பிசகாமல் எழுதினேன். எழுத்துகள் எல்லாம் நேராக நிற்கும்படி ஒட்டினேன். பழைய காகிதங்களை அண்ணா பல கோணங்களில் திருப்பி ஒட்டியிருந்தான். அவசரத்தில் செய்தது என்று நினைத்தேன். அவன் ஒட்டிய அந்தக் கோணம்தான் திசை என்பது எனக்கு உறைக்கவில்லை. மை கலங்கியதால் புதிதாக எழுதி ஒட்டியதாக மட்டும் அன்றிரவு அவனிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை, சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடவில்லை.

"நாலு சில்லுல கரண்ட் அம்பு பக்கம் நன்னா ஓடறது. அஞ்சுல குறுக்கால ஓடறது. தேய்ச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல போலருக்கு."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ரசம் கரண்டியிலேயே நின்றது. தன் ஆய்வேட்டின் காற்புள்ளிகளைக்கூட என் கண்ணை நம்பியே அவன் ஒப்படைத்திருந்தான். நான் வாய் திறக்கவில்லை. செவ்வாயும் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை லஸ் பேருந்து நிறுத்தத்தில், காகிதங்களின் கோணத்தை மாற்றி ஒட்டியதைச் சொன்னேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"திங்கக்கிழமை."

"நேத்திக்கு மிச்சத் தூளையும் தீர்த்துட்டேன். தேய்க்கறது பிரயோஜனமில்லன்னு நெனச்சு, தேய்க்காம வேற மாதிரி பண்ணிப் பாத்தேன். என் ஆய்வு வழிகாட்டி அந்த இயலையே அடிச்சுட்டார்."

"அளந்தா திசை தெரிஞ்சுடுமே, அண்ணா. அம்பைத் திருத்திக்கலாமே."

"அளந்துதான் திசையே தெரியணும்னா, நான் எதை நிரூபிக்கறது?"

பேருந்து வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பி, "எழுத்து அழகா இருந்துது" என்றான். அதில் ஏளனம் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை என்றே தோன்றுகிறது. இருந்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

ஓராண்டுக்குள், அதே முறையில் வேறொரு நாட்டில் யாரோ வெற்றி கண்டதாக அவன் ஒரு சஞ்சிகையில் படித்தான். ஆய்வேட்டை முடிக்கவில்லை. இப்போது தியாகராய நகரில் ஒரு கணினி நிறுவனத்தில், இரண்டாயிரமாவது ஆண்டு பிறப்பதற்குள் நிரல்களில் உள்ள இரண்டு இலக்க ஆண்டுகளை நான்கு இலக்கமாக மாற்றும் வேலை. நேரத்துக்குப் போகிறான், நேரத்துக்கு வருகிறான். எழுதியது எதையும் என்னிடம் திருத்தக் கொடுப்பதில்லை.

பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. அம்மாவிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அதை அவளே எடுத்துவந்து, ஒன்பதையும் திருப்பி, சந்தனம் வைக்கிறாள். அந்த நேரத்தில் அண்ணா செருப்பை மாட்டிக்கொண்டு, பூ வாங்கப் போவதாகச் சொல்லி, மாடிப்படி இறங்கிவிடுகிறான்.