பவளம் ஸ்டேஷனில் காத்திருந்தாள்

கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் தப்பைச் சுழித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்; கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவளுக்கோ எது தப்பு என்று தனக்கே தெரியாது. நீங்களும் எப்போதாவது நாலு பெண்பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து "எழுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு முழித்திருந்தால், என் பாடு புரியும்.

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தின காலம். மகன் ரயில்வேயில் சேர்ந்துவிட்டான், மகளைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்தாயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீடு வெறிச்சென்று கிடந்தது. கைக்கு ஒரு வேலை கொடும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். மறு ஞாயிறே போதகரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வேதக் கோயிலுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தையல் பழக வருவார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைகள்தான், தையல் முடிந்ததும் சொந்தமாக ஏதாவது எழுதப் பழக்குங்கள் என்றார். நான் அஞ்சாம் வகுப்புத்தான் படித்தவள் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர் சொன்னது:

"அவங்க ரெண்டாம் வகுப்பு. நீங்க மூணு வகுப்பு முன்னால இருக்கீங்களே, போதாதா?"

மிளகாய்

முதல் நாள் "ஒரு கதை எழுதுங்கள்" என்றேன். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். பதிமூன்று, பதினாலு வயசுப் பெண்கள். விடிகாலையில் தண்ணீர் தூக்கி, தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, சோறாக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். "நீங்க சொல்லுங்க, நாங்க எழுதறோம்" என்றார்கள். அப்படியில்லை, உங்கள் மனசிலிருந்து எழுத வேண்டும், நடக்காததைக்கூட எழுதலாம் என்றேன்.

கடைசியில் அஞ்சலை எழுந்தாள். தண்டவாளத்துக்குக் கல் சுமக்கும் காத்தாயியின் ஒரே மகள், கூட்டத்திலேயே ஒல்லியானவள். பயப்படாமல், விவரம் கேட்கிறவள் மாதிரித்தான் கேட்டாள்:

"நடக்காததச் சொன்னா எங்கம்மா வாயில மொளகா தேய்ப்பாங்க, டீச்சரம்மா. நீங்க தேய்க்க மாட்டீங்கதானே?"

ஆமென்

மிளகாய் இல்லை என்று உறுதியானதும் எழுத ஆரம்பித்தார்கள். வாங்கிப் பார்த்தால் ஒரு சிலேட்டில், "திருடன் கோழியைப் பிடித்தான். ஆமென்." இன்னொன்றில், "பேய் புளியமரத்தில் ஏறிக்கொண்டது. ஆமென்." எல்லாக் கதையும் அப்படியே முடிந்தது. அதில் முக்கால்வாசிப் பிள்ளைகள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். வகுப்பு முடிவில் நான் சொல்லும் ஜெபம் இப்படிப் பிடித்துக்கொண்டதே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஏன் எல்லாரும் ஆமென் போட்டீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். அஞ்சலைதான் பதில் சொன்னாள்:

"அதச் சொன்னாத்தானே நீங்க வீட்டுக்கு விடுறீங்க?"

மழை

அஞ்சலை ஒரு பெண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். பெயர் பவளம். புருஷன் குடிகாரன். சிலேட்டின் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நிரப்பி, வீட்டிலிருந்து வாழையிலையால் மூடிக்கொண்டு ஓடி வந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் மழை இலைக்கெல்லாம் கட்டுப்படுமா? பவளம் அழுதது, சாமியிடம் முறையிட்டது, அக்கம்பக்கத்தாரிடம் புலம்பியது எல்லாம் கரைந்து சாம்பல் தண்ணீராக அவள் பாவாடையில் வழிந்தது. மூலையில் கொஞ்சம் மட்டும் தப்பியிருந்தது. எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அவள் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழுததெல்லாம் போயிருச்சு, டீச்சரம்மா. நடந்தது மட்டும் இருக்கு. இதுவே நல்லாத்தான் இருக்கு."

தகரப் பெட்டி

லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு முனையில் குழந்தை தும்மினால் மறு முனையிலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள். இது தெரிந்திருந்தும், "எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துப் பாருங்கள், நாக்குத் தட்டுகிற இடத்தில் திருத்துங்கள்" என்று சொன்ன புத்திசாலி நான். அஞ்சலை விளக்கு வைக்கிற நேரத்தில் உரக்கப் படித்தாள்: "புருஷனுக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பவளம் மூட்டையைக் கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து ரயிலுக்காக நின்றாள்." சிலேட்டில் அதற்குமேல் இடமில்லை.

விடிந்ததும் குழாயடியில் அதுதான் பேச்சு. லயத்தில் பவளம் என்று யாரும் கிடையாது. அதனாலேயே, யாரையோ பெயர் மாற்றிச் சொல்கிறாள் என்று முடிவாகிவிட்டது. நாலு வீடு தள்ளியிருந்த வெள்ளையன் கள்ளுக்கடைக்குப் போகாமல் வீடு திரும்பாத மனுஷர். அவர் மனைவி தெய்வானை அந்த வாரம் கிள்ளானில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக இருந்தாள். கேட்க வேண்டுமா? வேலைக்குப் போகாமல் அவளுடைய தகரப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கஞ்சியும் அங்கேயே குடித்தார். கள்ளுக்கடைப் பக்கம் அன்று தலைவைத்துப் படுக்கவில்லை. பாசாரில் மீன் வாங்கும்போது என்னைப் பார்த்த தெய்வானை, கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கட்டிக்கிட்ட நாளா இந்த மனுஷன் என்னை இப்படிப் பாத்துக்கிட்டதே இல்ல, அக்கா. அந்தப் புள்ளய இன்னும் ரெண்டு கதை எழுதச் சொல்லுங்க."

காத்தாயி

காத்தாயிக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. அந்தச் சனிக்கிழமை, கல் சுமந்த தூசியோடு நேரே கொட்டகை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "தையலுக்குத்தாம்மா அனுப்பினேன். அடுத்தவன் வீட்டு நெலவரம் பேசுற பொண்ணுன்னு பேரு வந்துட்டா, நாளைக்கு யாரு கட்டுவா? அப்பன் இல்லாத புள்ள" என்றாள். அது பேச்சல்ல, கற்பனை என்று நான் விளக்க விளக்க அவள் முகம் இன்னும் இறுகியது. அஞ்சலையின் கையிலிருந்த சிலேட்டை வாங்கித் தன் முந்தானையாலேயே துடைத்தாள். இவள் இனி வர மாட்டாள் என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு நாலடி போனவள் திரும்பி நின்றாள்.

"பொய் சொன்னாக்கூட வைதுட்டு விட்டுருவேன். இவ சொன்னா நெசமாத் தெரியுதும்மா, அதான் பயமா இருக்கு."

சாப்பாடு

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அஞ்சலையின் பாய் சும்மா கிடந்தது. மற்றப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு கோழியையும் பேயையும்கூட விட்டுவிட்டார்கள். வீட்டில் முழங்கால் போட்டால் எனக்கு ஆண்டவர் முகத்துக்கு முன்னால் அந்தப் பவளம்தான் வந்து நின்றாள். ரயில் கூவுகிற சத்தம் கேட்டால், ஏறினாளோ இல்லையோ என்று கை வேலை நின்றுபோகும். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவள் பெயரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, தூறலில், காத்தாயியே அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிலேட்டை நனையாமல் தன் முந்தானைக்குள் வைத்திருந்தாள். இந்தத் தடவை கூப்பிடாமலே உள்ளே வந்து, மகளுடைய பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குழாயடியில் நிம்மதியாக ஒரு குடம் பிடிக்க முடியவில்லையாம். அது கதை என்று ஆளாளுக்குச் சொல்லி ஓய்ந்த பிறகு, அப்புறம் என்ன ஆச்சு என்று பிடித்துக்கொண்டார்களாம். எல்லாரையும்விடத் தெய்வானைதான் மோசமாம். பழியை ஊர்மேல் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவள், கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் சோறு எறங்கல" என்றாள் தரையைப் பார்த்து. பிறகு சிலேட்டை மகளிடம் நீட்டினாள்.

அஞ்சலை அங்கேயே குனிந்து எழுதினாள். எழுதி முடித்து மெள்ளப் படித்தாள்: "ரயில் வந்தது. பவளம் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது." பிள்ளைகள் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன். காத்தாயி மட்டும் திருப்தியில்லாமல் மகள் தோளைத் தட்டினாள்.

"அத்தன நாளா நின்னவள வெறும் வயித்தோடயா ஏத்திவிடுவ? ரெண்டு தோசை வாங்கிக் குடுத்து எழுதுடி."

அஞ்சலை ஒரு வரியை அழித்துவிட்டுத் தோசை வாங்கிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது, கதையில் யாரை வேண்டுமானாலும் வீட்டைவிட்டுக் கிளப்பலாம், சாப்பிடவைக்காமல் மட்டும் அனுப்பக் கூடாது என்பதுதான். ஆமென், இனி நீங்களும் வீட்டுக்குப் போகலாம்.